கறுக்காத சதுரம்

ருஸ்தாவியில் ஜூலை.
இரும்பாலைப் புகைபோக்கிகளுக்கு இந்தப் பக்கம்
பந்தயத் தடத்தின் தார்
செருப்போடு ஒட்டிக்கொண்டு வருகிறது.
ஆறாவது சுற்றில் மூன்றாம் கியர்
பல்லைக் கடித்தது.
ஏழாவதில் மணலை மென்றது.
எட்டாவதை நான் ஓட்டவில்லை.

போன குளிர்காலம்தான் டர்போ வைத்தோம்.
நூற்றைம்பது குதிரைகள் நின்ற லாயத்தில்
இப்போது முந்நூறு.
கியர்பெட்டி மட்டும் அதே பழையது,
அதற்குள் அதே ஒன்றரை லிட்டர் எண்ணெய்.
இருபது பேர் விருந்துக்கு வந்தபிறகும்
உலையில் அதே ஒரு படி அரிசி.

உதிரிபாகக் கடை ஸ்வியாத் சொன்னார்:
குளிர்விப்பான் போடாமல் முடியாது.
எண்ணெயை இழுக்க ஒரு பம்ப்,
முன்னால் காற்று முட்டும் இடத்தில் ஒரு ரேடியேட்டர்,
போக ஒரு குழாய், வர ஒரு குழாய்.
மூன்று மாதம் ரொட்டி வேன் ஓட்டி மிஞ்சியதை
அவர் மேசையில் எண்ணி வைத்தேன்.

அக்கா எத்தேரி
அட்டைப்பெட்டியைப் பிரிக்கவே விடவில்லை.
ஐஸ்கிரீம் லாரிகளின் குளிரூட்டியைச்
சரிசெய்து பிழைப்பவள்.
"எத்தனை டிகிரி?" என்றாள்.
"ரொம்பச் சூடு."
"ரொம்ப என்பது எண் இல்லை."
பிறகு, ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே,
"நீ போடும் ஒவ்வொரு இணைப்பும்
எண்ணெய் வெளியேற ஒரு வாசல்.
ஜனவரியில் அது தேனாக உறைந்து கிடக்கும்,
அப்போது அதை யார் சூடாக்குவது?"

தபால்தலை அகலத்தில் ஒட்டுத்தாள் இரண்டு.
வரிசையாகக் குட்டி வெள்ளைச் சதுரங்கள்,
ஒவ்வொன்றும் தன் டிகிரி வந்ததும் கறுக்கும்.
கறுத்தது திரும்ப வெளுக்காது.
எல்லாம் ஆறிய பிறகும்
பேச்சை மாற்றாத சாட்சி.
பெட்டியின் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று.
மறுபடி ஏழு சுற்று.

காருக்கு அடியில் மல்லாந்து கிடந்து படித்தோம்.
இடது: நூற்றுப் பத்து.
வலது: நூற்று முப்பத்தெட்டு.
ஒரே பெட்டி, ஒரே எண்ணெய்,
ஒரு கன்னம் மட்டும் வெந்திருந்தது.

அவள் டார்ச்சைத் திருப்பினாள்.
வலப்பக்கம் இரண்டு விரல் தள்ளி
டர்போவிலிருந்து இறங்கும் புகைக்குழாய்.
இடம் போதவில்லை என்று
பிப்ரவரியில் நான் வளைத்துப் பிடிக்க
அவளே பற்றவைத்தது.
கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை.
என் காதருகே எண்ணெய் ஒரு சொட்டு விழுந்தது.

"இதற்குக் காய்ச்சல் இல்லை," என்றாள் கடைசியில்,
"அடுப்பை ஒட்டிப் படுக்கவைத்திருக்கிறோம்."

குழாயைச் சுற்றி நாரிழைப் பட்டை.
நடுவில் ஒரு தகடு,
கழித்துப்போட்ட லாரியின் கதவிலிருந்து வெட்டியது.
அதில் பாதி ஸ்ட்ராபெரி
இன்னும் சிவப்பாக இருக்கிறது,
சாலையில் யாருக்கும் தெரியாது.
கருகிய வாடையடித்த பழைய எண்ணெயை வடித்துப்
புதிதாக ஒன்றரை லிட்டர்.

அடுத்த ஞாயிறு பன்னிரண்டு சுற்று.
இடது: நூற்று நான்கு.
வலது: நூற்றுப் பத்து கறுத்திருந்தது,
நூற்றுப் பதினாறு
பல் விளக்கிய குழந்தைபோல் வெள்ளையாக.

மூன்றாம் கியர் இன்னும் கரகரக்கிறது.
பாதி முன்பே தேய்ந்தது, என்கிறாள் எத்தேரி,
மீதிப் பாதி உன் அவசரக் கை.
கிளட்ச் முழுதாக இறங்குமுன்
நான் தள்ளுகிறேனாம்.
ரொட்டி வேனில் அப்படிச் செய்வதில்லையே என்றேன்.
ரொட்டி வேனை யாரும் முந்துவதில்லை என்றாள்.

ஸ்வியாத் தோள் குலுக்குகிறார்:
ஆகஸ்ட் வரட்டும், இருபது சுற்று ஓட்டு,
அப்புறம் சொல்.
அவர் சொல்வதிலும் தவறில்லை.
புதிய ஒட்டுத்தாள்கள் வாங்கி வைத்திருக்கிறேன்.
குளிர்விப்பான் கட்டிலுக்கு அடியில், பிரிக்காமல்.
திருப்பிக் கொடுக்கப் போனேன், இரண்டு முறை.
இரண்டு முறையும் கடைவாசலில்
எஞ்சினை அணைக்காமல் கொஞ்சம் நின்றுவிட்டு
வீட்டுக்கு வந்துவிட்டேன்.